கசப்பும் நுரையும் உண்டு, போதை இல்லை: விருந்தாளிக்கு வீட்டிலேயே ஒரு கேழ்வரகு மால்ட் பானம்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எங்கள் வீட்டுத் திண்ணை நிறைந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். கடலே கதி என்று இருப்பவர்கள் உறவுக்காரர் வீடுகளுக்குப் போய்வர அப்போதுதான் நேரம் வாய்க்கும். அக்காவும் மச்சானும் பாம்பனிலிருந்து மண்டபத்துக்கு வந்து எங்களோடு ஒரு வாரம் தங்குவார்கள். மச்சான் இருபது வருஷம் பீர் குடித்தவர். கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்ன அன்றே நிறுத்தினார். அதற்கடுத்து வந்த கோடையில் வறுத்த கணவாயோடு ஒரு ஆரஞ்சு நிறக் குளிர்பானத்தை அவர் முன்னால் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"இனிப்பு வேணாம் மாப்ள. போதைய நான் தேடல. அந்தக் கசப்பும், தொண்டையில சுருக்குனு ஏறுமே, அதுவும்தான் தேடுது."

இதைவிடத் தெளிவாக யாரும் செய்முறை கேட்க முடியாது. அன்றிலிருந்து மூன்று கோடைகளாகச் செய்துபார்த்து, அவருக்குப் பிடித்த ஒரு பதத்துக்கு வந்திருக்கிறேன். முதல்முறை முயல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அடுப்பில் கூழ் காய்ச்சத் தெரிந்தால் போதும்.

ஈஸ்ட் வேண்டாம்

பலரும் முதலில் ஈஸ்ட்டைத்தான் தேடுவார்கள். நானும் தேடினேன். இஞ்சி, சர்க்கரை, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் எல்லாம் சேர்த்துக் கண்ணாடி பாட்டிலில் இறுக்கி மூடி அலமாரியில் வைத்தேன். சித்திரை வெயில் காலம். இரண்டாம் நாள் ராத்திரி பாட்டில் வெடித்து அடுக்களை முழுக்கக் கண்ணாடிச் சில்லு சிதறியது. குழந்தைகள் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்ததால் தப்பித்தோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும். கூடவே ஆல்கஹாலையும் உண்டாக்கும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாது.

நம் ஊரில் இதை விளக்கப் பனைமரமே போதும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், தடவாமல் இறக்கினால் கள். சுண்ணாம்பின் காரம் நொதிக்கவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தமிழ்நாட்டில் கள் இறக்குவதற்கு 1987 முதல் தடை இருந்தாலும், சுண்ணாம்பு குறைந்த பதநீர் மதிய வெயிலில் தானாகவே கள்ளாக மாறும். எந்தச் சட்டத்தையும் அது கேட்பதில்லை. அதனால் விருந்தாளிக்கான பானத்தில் நான் பதநீர் ஊற்றுவதில்லை, கருப்பட்டியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடையில் விற்கும் 'ஆல்கஹால் இல்லாத பீர்' பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல நாடுகளில் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அப்படி அச்சிட்டு விற்கலாம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியிலும் 0.5 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது மதுபானம். மார்க்கத்தின் பேரில் தொடாதவர்களுக்கும், மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் அந்தக் கால்வாசி அரைவாசிகூட வேண்டாம். நொதிக்கவே வைக்காமல், வாயுவை சோடாவிலிருந்து எடுத்துக்கொண்டால் இந்தக் கவலையே இல்லை. கீழே உள்ள முறை முழுக்க அப்படிப்பட்டதுதான்.

இன்னொன்று. குடியை விட இன்னும் போராடிக்கொண்டிருப்பவருக்கு இந்த வாசனையும் நுரையுமே பழைய நினைப்பைக் கிளப்பிவிடலாம். எனவே செய்வதற்கு முன்னால் அவரிடம் தனியாகக் கேளுங்கள், நாலு பேர் நடுவில் கேட்காதீர்கள். அவர் தயங்கினால் நன்னாரி சர்பத்தோ மோரோ கொடுத்துவிடலாம். மச்சானிடம் நான் அக்கா மூலம் கேட்டேன்.

எதிலிருந்து எந்த ருசி

பீரின் ருசியைப் பிரித்துப் பார்த்தால் முளைத்த தானியத்தின் இனிப்பு, வறுத்த மணம், கசப்பு, துளி புளிப்பு, வாயு, நுரை என்று வரும். ஆல்கஹால் இருந்தால் தொண்டையில் ஒரு சூடும் இருக்கும். இவற்றில் எதுவும் நம் பக்கத்தில் கிடைக்காததில்லை.

தானியத்துக்கு முதலில் பார்லி வாங்கி ஊறவைத்தேன். மூன்று நாள் ஆகியும் ஒரு முளை வரவில்லை, நாற்றம்தான் வந்தது. மளிகைக் கடையில் கிடைக்கும் பார்லி அரிசி தோல் தீட்டியது. முளைவிடும் கருவும் அந்தத் தீட்டலில் போய்விடும். அதை வறுத்து மணத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம். முளைகட்டிக் காயவைத்த தானியத்தைத்தான் மால்ட் என்கிறோம்; அப்படி முளைகட்ட நம் கேழ்வரகே சிறந்தது. மாவுச்சத்தை இனிப்பாக உடைக்கிற நொதிகள் முளைத்த கேழ்வரகில் நிறையவே உண்டு. சோளத்தை இதற்கு எடுக்க வேண்டாம். சோளம் முளைக்கும்போது அந்த முளையில் சயனைடு தரக்கூடிய பொருள் சேரும். அதை நீக்கிப் பக்குவம் பண்ணத் தெரிந்தவர்கள் செய்யட்டும், முதல்முறைக்காரர்களுக்கு அது தேவையில்லை.

கசப்புக்கு வெளிநாட்டில் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போடுகிறார்கள். கிடைத்தால் லிட்டருக்கு 1 கிராம் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். வெறுமனே ஊறவைத்தால் அதன் கசப்பு இறங்காது. கிடைக்காவிட்டால் வேப்பம்பூ. பங்குனி, சித்திரையில் மரத்தடியில் துணி விரித்துச் சேர்த்து நிழலில் உலர்த்தியது எல்லார் வீட்டிலும் இருக்கும். நிலவேம்பையும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். அந்தக் கசப்பு நாக்கை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. குடிக்கிறவருக்குக் காய்ச்சல் நினைப்புத்தான் வருகிறது. வேப்பம்பூ வந்த வேகத்தில் கசந்து, பின்னால் ஒரு பூமணத்தை விட்டுவிட்டுப் போகும். கர்ப்பிணிகளுக்கு வேப்பம்பூவைத் தவிர்த்து நார்த்தங்காய்த் தோலை மட்டும் போடுகிறேன்.

தண்ணீரைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். கிணற்று உவர்த்தண்ணீரிலோ போரிங் தண்ணீரிலோ இதைச் செய்யாதீர்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர், பிடித்து வைத்த மழைத்தண்ணீர், இல்லையென்றால் கேன் தண்ணீர். உப்பு வேண்டுமானால் கடைசியில் ஒரு சிட்டிகை நாமே போட்டுக்கொள்ளலாம்.

முளைகட்டுதல்

விருந்தாளி வருவதற்கு நாலைந்து நாள் முன்பே இதைத் தொடங்க வேண்டும். 300 கிராம் கேழ்வரகைக் கல் போக அரித்து, பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பிறகு வடித்து, ஈரப் பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். காலை, மாலை பிரித்து அலசி மறுபடி கட்ட வேண்டும். நம் வெக்கைக்கு ஒன்றரை நாளில், அதிகம் போனால் இரண்டு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். முளை தானியத்தின் நீளத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் இனிப்பாக வேண்டியதை முளையே தின்றுவிடும். பூஞ்சை பூத்தாலோ கெட்ட வாடை வந்தாலோ முழுவதையும் கொட்டிவிடுங்கள். அலசி மீட்கப் பார்க்க வேண்டாம்.

வெள்ளை வேட்டியில் பரப்பி மொட்டைமாடி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். கடற்காற்று மணலைக் கொண்டுவந்து சேர்க்கும், அதனால் மேலே இன்னொரு மெல்லிய துணி போட்டு நாலு மூலையிலும் கல் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்விசிறிக்கு அடியில் காயவைப்பதைத் தவிர வழியில்லை. காய்ந்ததும் உள்ளங்கையால் தேய்த்து, முறத்தில் புடைத்தால் முளைகள் உதிர்ந்து போகும்.

இப்போது இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு சிறு கைப்பிடி, அதாவது 50 கிராம் போல எடுத்து வெறும் வாணலியில் காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை சிறுதீயில் வறுங்கள். கூடவே இரண்டு மேசைக்கரண்டி பார்லி அரிசியையும் பொன்னிறமாக வறுத்துக்கொள்ளுங்கள். நிறமும் மணமும் இதிலிருந்துதான் வரும். மீதியை வறுக்கவே கூடாது, அதில் 200 கிராம் நமக்கு வேண்டும். வறுத்தால் நொதிகள் செத்துப்போகும், இனிப்பு இறங்காது. குழந்தைகளுக்கென்று கடையில் விற்கும் முளைகட்டிய கேழ்வரகு மாவு பெரும்பாலும் வறுத்து அரைத்தது, இந்த வேலைக்கு அதை நம்ப முடியாது. இரண்டையும் தனித்தனியாக ரவைப் பதத்தில் உடைத்துக்கொள்ளுங்கள். மாவாக அரைத்தால் வடிகட்டும்போது துணி அடைத்துக்கொண்டு அழவைக்கும்.

ஊறல்

இந்த ஒரு மணி நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

200 மில்லி டம்ளர் ஒன்றை அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றரை டம்ளர் தண்ணீரில் வறுத்த கேழ்வரகு ரவையையும் வறுத்த பார்லியையும் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். மூன்று டம்ளராகச் சுண்டியிருக்கும். அடுப்பை அணைத்து, இரண்டு டம்ளர் பச்சைத் தண்ணீரை அதில் ஊற்றுங்கள். மூன்று பங்கு கொதிநீரும் இரண்டு பங்கு நம் வீட்டுத் தண்ணீரும் சேர்ந்தால் 70 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். வறுக்காத 200 கிராம் ரவையைத் தூவிக் கட்டி தட்டாமல் கிளறினால் 65-க்கும் 68-க்கும் இடையில் வந்துவிடும். முளைத்த தானியத்தின் நொதிகளுக்கு அந்தச் சூடுதான் தோது. வெப்பமானி இருந்தால் பாருங்கள், இல்லையென்றாலும் இந்தக் கணக்கு ஏமாற்றாது.

உடனே ஹாட் பாக்ஸில் ஊற்றி மூடுங்கள். ஹாட் பாக்ஸை முன்கூட்டியே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம், நடுவில் ஒரே ஒரு தடவை திறந்து கிளறலாம்.

கூழ் காய்ச்சிப் பழகிய கைக்கு இங்கே ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. கூழ் நேரம் ஆக ஆக இறுகும், இது இளகும். போட்டபோது கரண்டியில் ஒட்டிய கலவை ஒரு மணி நேரம் கழித்து மோர் மாதிரி ஓடும், நாக்கில் வைத்தால் சர்க்கரை போடாமலே இனிக்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இளகவில்லை என்றால் தண்ணீர் சூடு அதிகமாகி நொதி செத்திருக்கும். வறுக்காத ரவை இன்னொரு கைப்பிடி மீதம் இருந்தால், சூடு கொஞ்சம் தணிந்ததும் அதைக் கலந்து மேலும் முக்கால் மணி நேரம் விடுங்கள்.

நனைத்துப் பிழிந்த வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். முதலில் பிழியாதீர்கள், தானாக வடியட்டும். சக்கையின் மேல் ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி, அதையும் வடித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய நாலு டம்ளர் சாறு கிடைக்கும். சக்கையில் வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் அரிசிமாவு சேர்த்து அடை தட்டலாம், நன்றாகவே இருக்கும்.

கொதியும் கசப்பும்

சாற்றை அகலமான பாத்திரத்தில் கொதிக்கவைத்து இரண்டரை டம்ளராகச் சுண்டவையுங்கள். அரை மணி நேரம் ஆகும். ஆரம்பத்தில் நுரை பொங்கி வழியப் பார்க்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். மேலே கட்டும் அழுக்கு நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். இந்தக் கொதி நொதிகளை நிறுத்தும், கிருமிகளையும் கொல்லும், அதனால் குறைக்க வேண்டாம்.

கொதி பாதியில் இருக்கும்போது, நசுக்கிய கொத்தமல்லி விதை அரைத் தேக்கரண்டியும் உலர்ந்த நார்த்தங்காய்த் தோல் நகக்கண் அளவும் போடுங்கள். பெல்ஜியம் நாட்டுக் கோதுமை பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவது பழைய வழக்கம். நம் ரசப்பொடிச் சாமான் அங்கே பீருக்குப் போகிறது என்று தெரிந்தபோதுதான் எனக்கு இந்த முயற்சியில் நம்பிக்கையே வந்தது.

கடைசி ஐந்து நிமிடத்தில் வேப்பம்பூ, உலர்ந்தது ஒரு தேக்கரண்டி. ரசத்துக்கு நெய்யில் வறுப்போம், இங்கே நெய்யே ஆகாது; வெறும் சட்டியில் வாட்டிப் போடுங்கள். எண்ணெய்ப்பசை நுரையைக் கொன்றுவிடும். அதோடு விதை நீக்கிய முண்டு மிளகாயில் கால்வாசித் துண்டை இரண்டே நிமிடம் போட்டு எடுத்துவிடுங்கள். காரம் தெரியக் கூடாது, தொண்டையில் ஒரு வெதுவெதுப்பு மட்டும் நிற்க வேண்டும். மச்சான் சொன்ன 'சுருக்'கில் பாதி இதிலிருந்து வருகிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மிளகாய்க்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது.

நெல்லிக்காய் அளவு கருப்பட்டியைத் தனியாக வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டிச் சேருங்கள். ஒரு சிட்டிகை உப்பு. இறக்கி, மெல்லிய துணியில் மறுபடி வடிகட்டி, ஆறியதும் அரை எலுமிச்சம்பழச் சாறு பிழியுங்கள். புளிப்பு தனியாகத் தெரியக் கூடாது, இனிப்பின் திகட்டல் மட்டும் அடங்க வேண்டும். இப்போது நாக்கில் வைத்தால் ரொம்ப இனிப்பாகவும் ரொம்பக் கசப்பாகவும் இருக்கும். பயப்படாதீர்கள், இன்னும் இரண்டு மடங்கு சோடா சேரப்போகிறது.

நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அடியில் மண்டி தங்கும், மேலே இருக்கும் தெளிவை மட்டும் இன்னொரு பாட்டிலுக்கு மாற்றுங்கள். இது மூன்று நாள் வரை தாங்கும், அதுவும் ஃப்ரிட்ஜில் மட்டும். வெளியில் வைத்தால் காற்றிலுள்ள ஈஸ்ட்டே இதைத் தேடி வரும். திறக்கும்போது தானாகக் குமிழ் விட்டாலோ புளித்த வாடை அடித்தாலோ அது நாம் கொடுக்க நினைத்த பானமாக இருக்காது. கொட்டிவிடுங்கள்.

ஊற்றுவது

சாதா சோடாவை வாங்குங்கள். பன்னீர் சோடா வேண்டாம், அதன் வாசனை எல்லாவற்றையும் மூடிவிடும். கோலி சோடா நன்றாகவே பொருந்தும்; எங்கள் பிள்ளைகளுக்குக் கோலியை அமுக்கி உடைக்கும் வேலைக்குப் போட்டி. சோடாவும் சாறும் ஜில்லென்று இருந்தே ஆக வேண்டும். 20 டிகிரித் தண்ணீரில் கரைவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கரியமில வாயு 0 டிகிரித் தண்ணீரில் கரையும். வெதுவெதுப்பான சாற்றில் சோடாவை ஊற்றினால் வாயு அத்தனையும் ஒரே சீறலில் போய்விடும். ஐஸ்கட்டியைப் போட்டுச் சரிக்கட்ட நினைக்காதீர்கள், அது நீர்த்துப்போகச் செய்யும்.

கண்ணாடி டம்ளர்தான் வேண்டும், நிறத்தையும் பார்க்க வேண்டுமே. சோப்பு வாடை போகும்வரை கழுவி, உப்பும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய்த்து அலசி, துடைக்காமல் ஈரத்தோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு பங்கு சாறு முதலில். நல்ல நுரை வேண்டுமானால் உப்பில்லாமல் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீர் ஒரு தேக்கரண்டி அதில் கலந்து முட்கரண்டியால் அடியுங்கள். பிறகு டம்ளரைச் சாய்த்து இரண்டு பங்கு சோடாவை விளிம்போரமாக ஊற்றி, கடைசிக் கால்வாசியை நிமிர்த்தி வைத்துக் கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றுங்கள். இரண்டு விரல் நுரை நிற்கும். இந்த அளவுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர், ஏழு டம்ளர் வரும்.

வறுத்த மீன் தின்ற உதடு பட்டதும் நுரை இறங்கிவிடும். அது எண்ணெயின் வேலை, உங்கள் தவறு இல்லை. முதல் டம்ளரை மட்டும் வறுவலுக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பார்பிகன் மாதிரி மால்ட் பானங்களுக்குப் பழகியவர்கள். அவர்களுக்கு வேப்பம்பூவைப் பாதியாக்கி, மிளகாயை விட்டுவிட்டு, மாதுளைச் சாறு இரண்டு கரண்டி சேர்த்தால் 'ஊர்ல எங்க வாங்குனீங்க' என்று கேட்பார்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இதைச் சக்கரை இல்லாத பானம் என்று நினைத்துக் கொடுத்துவிடாதீர்கள், முளையின் இனிப்பும் சர்க்கரைதான். கோதுமை, பார்லி ஒத்துக்கொள்ளாதவருக்கு வறுத்த பார்லியை விட்டுவிட்டுக் கேழ்வரகை மட்டும் வறுத்துப் போடுங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வந்துவிட்டால்? நாலு மேசைக்கரண்டி பார்லியை நல்ல பழுப்பாக வறுத்து மூன்று டம்ளர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, வேப்பம்பூ, கருப்பட்டி, எலுமிச்சை, உப்பு சேர்த்து, வடிகட்டி, பாத்திரத்தை ஐஸ்தண்ணீரில் உட்காரவைத்துக் குளிரவையுங்கள். சோடாவோடு சரிபாதி கலக்கலாம். தானியத்தின் கனம் இதில் இருக்காது, ஆனாலும் இனிப்புக் குளிர்பானத்துக்கு இது எவ்வளவோ மேல்.

போன வருஷம் மச்சான் முதல் டம்ளரை முடித்துவிட்டு மீசை நுரையைத் துடைத்தபடி, "இன்னும் கொஞ்சம் கசக்கட்டும் மாப்ள" என்றார். மேலே வேப்பம்பூ ஒரு தேக்கரண்டி என்று எழுதியிருக்கிறேனே, அது பொதுவான அளவு. அவருக்கு ஒன்றேகால்.